மஞ்சாடி எடை

ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிக்கொண்டிருந்தபோது தங்கை மகள் வந்தாள். கையில் நான்காக மடித்த ஒரு தாள். தேநீர்கூட வாங்காமல் அதை மேசைமேல் விரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் தேய்த்துச் சமப்படுத்தினாள்.

"மாமா, எங்களுக்கு எந்தக் காடி கட்டும்னு பாத்துச் சொல்லுங்க."

மலேசியாவில் பத்திரிகைகள் மகிழுந்து என்று எழுதும். வீட்டில் நாங்கள் காடி என்போம். அவள் கேட்டதில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் 'கட்டும்' என்பது. எது பிடிக்கும், எது அழகு என்று கேட்க வரவில்லை. ஐந்து பேர் உள்ள வீடு அது. அவள், கணவன், இரண்டு பிள்ளைகள், முழங்கால் தேய்ந்த மாமியார். இருப்பது புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில். கணவன் பிறையில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை, மோட்டார் சைக்கிளில் போய் வருகிறான். அவள் பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். இதுவரை கிலாங் பஸ், அதாவது தொழிற்சாலையே ஆள் ஏற்றிப்போக அனுப்பும் பேருந்து. இனி ஒரு காடி வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

தாளில் மூன்று பத்திகள் போட்டிருந்தாள்: விலை, மாதத் தவணை, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். மூன்றாவது பத்தியில் மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் நோட்டு ஞாபகம் வந்துவிட்டது.

இங்கே மளிகைக் கடைகளில் 555 என்று அட்டையில் அச்சிட்ட சின்ன நோட்டு கிடைக்கும். சட்டைப் பையில் அடங்கும். கடன் எழுதுவதற்கென்றே பிறந்தது போன்ற நோட்டு. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லார் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும். அப்பா அதைக் காடியின் முன்பெட்டியில் வைத்திருப்பார். தேதி, மீட்டரில் ஓடிய தூரம், ஊற்றிய எண்ணெய், கொடுத்த வெள்ளி (ரிங்கிட்டை அப்படித்தான் சொல்வோம்) என்று நான்கு எண்கள், ஒரே வரியில். தொட்டியை விளிம்புவரை நிரப்பி, ஓட்டி, மறுபடி விளிம்புவரை நிரப்பி, இரண்டாவது தடவை கொண்ட லிட்டரால் இடையில் ஓடிய தூரத்தை வகுப்பார். விளம்பரத்தில் போடும் எண்ணை அவர் நம்பியதில்லை. குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்க, பாலத்து நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்துபோகும் காடிக்கு அந்த எண் வராது என்பார். அது உண்மை. தங்கை மகளின் தாளில் சிவப்புக் கோடிட்ட எண்களில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் நானும் கணக்கைத் தொடங்கினேன்.

அப்பாவின் முதல் காடி யாரோ ஓட்டிப் பழசாக்கிய டாட்சன் 120ஒய். இரண்டாவது கஞ்சில். 1994-இல் பெரோடுவா வெளியிட்ட அந்த 660 சிசி காடியை இந்த நாட்டில் காடியே வாங்க முடியாதிருந்த எத்தனையோ குடும்பங்கள் வாங்கின. கஞ்சில் என்றால் சருகுமான். மலாய்க் கதைகளில் புலியையும் முதலையையும் புத்தியால் ஏய்த்துத் தப்பும் அந்தச் சின்ன விலங்கு. அதற்கு ஒன்பது ஆண்டு முன்னால் வந்த புரோட்டான் சாகாவின் பெயரும் இப்படித்தான், காட்டிலிருந்து வந்தது. சாகா என்பது ஒரு மரம். அதன் விதை சிவப்பாக, கல் போலக் கெட்டியாக, ஒன்றுக்கொன்று எடை மாறாமல் இருக்கும். நாம் ஆனைக்குன்றிமணி என்கிறோம். மஞ்சாடி என்றும் சொல்வதுண்டு. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்று நம் தட்டார்கள் பொன் நிறுத்ததும், மலாய்ப் பொற்கொல்லர்கள் சாகா விதையை வைத்து நிறுத்ததும் ஒரே வித்தை. சாமானியக் குடும்பம் வாங்கட்டும் என்று செய்த காடிக்கு எடைக்கல்லின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு வரும். பொன்னை நிறுப்பது போலத்தான் அப்பா அந்த 555 நோட்டில் எண்ணெயை நிறுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நோட்டுகளில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். 2008 ஜூன் மாதப் பக்கம். ஜூன் 4-ஆம் தேதி இரவு, எண்ணெய் விலை நள்ளிரவு முதல் ஏறுகிறது என்ற செய்தி வந்ததும் பினாங்கு முழுக்க எண்ணெய் நிலையங்களின் வாசலிலிருந்து சாலைவரை வரிசை நின்றது. அப்பாவும் போய் நின்றார். அந்த வரியில் லிட்டர் 1.92 என்று இருக்கிறது. அடுத்த வரியில் 2.70. ஒரே இரவில் 78 சென். அப்பா அந்த எண்ணை இரண்டு தடவை அடிக்கோடிட்டிருக்கிறார். வேறு குறிப்பு எதுவும் எழுதவில்லை. ஆனால் அதற்குக் கீழே உள்ள வரிகளைத் தூரத்தை மட்டும் பார்த்துப் படித்துக்கொண்டு போனால் விஷயம் விளங்கும். மாதம் இரண்டு ஞாயிறு சுங்கை பட்டாணியில் அத்தை வீட்டுக்குப் போவோம். ஜூலையில் ஒரு தடவை. ஆகஸ்டில் இல்லை. செப்டம்பரில் இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு வரி நீளமாக, பெரிய எண்ணோடு வருகிறது.

காடிச் செலவு என்று நாம் சொல்வது கடைசியில் யாரிடமிருந்து பிடிக்கப்படுகிறது என்பதை அந்தப் பக்கம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. வேலைக்குப் போகும் தூரத்தைக் குறைக்க முடியாது, பள்ளிக்கூடத் தூரத்தைக் குறைக்க முடியாது. அத்தையைத்தான் குறைக்க முடியும். அத்தை 2011-இல் தவறிப்போனார். அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் நாங்கள் போகாமல் விட்ட ஞாயிறுகளை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஊரைப் பற்றிச் சொல்லாமல் காடியைப் பற்றிப் பேச முடியாது. நான் பிறந்தது ஜார்ஜ்டவுனில், குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலுக்குப் பின்பக்கம், கடைவீட்டு மாடியில். 1833-இலிருந்து இருக்கும் கோவில் அது. சந்தைக்கு நடை, பள்ளிக்கு நடை, படகுத்துறைக்கு நடை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கும் ரதத்தின் பின்னால் நடைதான். 1906 முதல் மின்டிராமும், 1925 முதல் 1961 வரை கம்பி பிடித்து ஓடிய டிராலி பஸ்ஸும் இருந்த ஊர் இது. என் தாத்தா தலைமுறைக்கு வண்டி ஒரு தேவையாகவே இருந்திருக்காது. நாங்கள் மாடியில் இருந்ததே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில்தான். போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றவோ குடியிருப்பவரைச் சட்டென்று வெளியேற்றவோ அந்தச் சட்டம் விடாது. 1999 டிசம்பர் 31-உடன் அது முடிந்தது. புத்தாயிரம் பிறந்த சில மாதங்களில் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகச் சாமான் இறங்கியது. எங்கள் சாமானும் ஒரு லோரியில் பாலம் தாண்டிப் போனது. பிறகு 2008 ஜூலை 7-இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரம் என்று யுனெஸ்கோ அறிவித்தது. அப்பா 2.70-ஐ அடிக்கோடிட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் இருந்த தெருவைப் பார்க்க உலகம் வரத் தொடங்கியபோது, அங்கே போக எங்களுக்கு எண்ணெய்க் காசு பார்க்க வேண்டியிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன்: எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் காடிச் செலவு என்பது இடம் மாறிப்போன வாடகை. ஊருக்குள் வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்க வேண்டியதை இப்போது சாலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறோம். பினாங்குப் பாலத்தில் இன்னொன்றும் உண்டு. சுங்கச் சாவடி பிறைப் பக்கம் மட்டும்தான். தீவுக்குள் நுழையும்போது கட்ட வேண்டும், வெளியே வரும்போது கட்ட வேண்டாம். அந்தக் காலப் படகிலும் பட்டர்வொர்த் துறையில்தான் காசு. தீவை விட்டுப் போக யாரும் எதுவும் கேட்பதில்லை. திரும்பி வரத்தான் காசு.

பாலமும் சாகாவும் ஒரே ஆண்டில் வந்தவை, 1985. ஜூலையில் சாகா, செப்டம்பரில் பாலத்தில் பொதுப் போக்குவரத்து. அன்றைய பிரதமர் மகாதீர் பாலத் திறப்பின்போது சாகாவில்தான் அதைக் கடந்தார். பதிமூன்றரை கிலோமீட்டர், அதில் எட்டு கிலோமீட்டருக்கு மேல் கடல்மேல். அந்த நாளிலிருந்து இந்த ஊர் காடியை நம்பி விரிந்தது. 2014-இல் 24 கிலோமீட்டரில் இரண்டாவது பாலம். 2021 ஜனவரி முதல் படகில் காடி ஏற்றுவது நின்றுபோனது. இப்போதைய புதுப் படகுகளில் ஆளும் இருசக்கர வண்டியும் மட்டும்தான். காடியோடு கடல் கடக்க வேண்டுமானால் பாலம்தான் வழி.

தாளுக்குத் திரும்புகிறேன். அவள் வாங்க நினைத்தது பெரோடுவாவின் புது மைவி. கடன் 45,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டோம், வட்டி மூன்று விழுக்காடு, ஒன்பது ஆண்டு. விற்பனைக்காரர் அவளிடம் சொன்னது ஒரே எண்: மாதம் 529. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இங்கே காடிக் கடன்கள் பெரும்பாலும் தட்டை வட்டியில் ஓடிவந்தவை. அதாவது அசலில் பாதி அடைத்த பிறகும், முழு 45,000-க்கும் சேர்த்தே வட்டி போடப்பட்டிருக்கும். ஆண்டுக்கு 1,350 வீதம் ஒன்பது ஆண்டுக்கு 12,150 வெள்ளி. மூன்று என்று சொன்ன வட்டி, குறைந்துவரும் பாக்கியின்மேல் கணக்கிட்டால் ஐந்தரை விழுக்காட்டைத் தொடும். அதே கடன் ஐந்து ஆண்டானால் வட்டி 6,750. மாதத் தவணை 862-க்கு ஏறும், உண்மைதான். வித்தியாசம் 5,400 வெள்ளி.

"இந்த 5,400 என்ன தெரியுமா?" என்று கேட்டேன்.

அவள் பேசாமல் கைப்பேசியில் தட்டிக்கொண்டிருந்தாள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாயான் லெப்பாஸ் போய்வர 56 கிலோமீட்டர். 22 நாளைக்கு 1,232. கடை, கோவில், மருத்துவமனை என்று வீட்டு ஓட்டம் சுமார் 370. ஆக 1,600 கிலோமீட்டர். சின்னக் காடி லிட்டருக்கு 16 கொடுத்தால் 100 லிட்டர். 2025 செப்டம்பர் கடைசியில் குடிமக்களுக்கு என்று வந்த 1.99 வெள்ளி விலையில் 199 வெள்ளி.

"இருபத்தேழு மாச எண்ணெய், மாமா."

ஆம். லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடுமா குறையுமா என்று சிவப்பு மையில் தேடிக்கொண்டிருந்தவள், தவணைக் காலத்தை நான்கு ஆண்டு நீட்டிய ஒரே கையெழுத்தில் இருபத்தேழு மாத எண்ணெயை ஊற்றிவிடப் போகிறாள். இதில் அவள் தவறு ஒன்றும் இல்லை. மாதம் 862 கட்ட முடியாத வீட்டுக்கு 529 என்ற எண் கை நீட்டுகிறது. பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்? அதற்காகத்தான் புதுக் காடி வேண்டாம் என்று நான் நின்றேன். யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்பார்கள். யானை என்றால் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. ஒன்பது ஆண்டு தின்கிற எதுவும் யானைதான்.

அடுத்தது பெரிய காடி, சின்னக் காடி. அவள் கணவனுக்கு ஒரு பழைய ஜப்பானியப் பெரிய காடிமேல் கண். 2.0 எஞ்சின், நல்ல இருக்கை, விலையும் இறங்கியிருந்தது. சாலை வரியைப் பார்த்தால் 1,000 சிசிக்குள் ஆண்டுக்கு 20 வெள்ளி, 1.3-க்கு 70, 1.5-க்கு 90, இரண்டு லிட்டர் எஞ்சினுக்கு 379. எண்ணெய் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்றால் மாதம் 318 வெள்ளி. சின்னக் காடியைவிட 119 கூடுதல். இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. சுங்கத்தையும் எழுது என்றேன். ஒரு தடவை 5.74, 22 நாளைக்கு 126 வெள்ளி 28 சென். அவள் பேனா அங்கே நின்றது. பெரிய காடிக்கும் சின்னக் காடிக்கும் உள்ள எண்ணெய் வித்தியாசத்தைவிடப் பாலத்துக்குக் கொடுப்பது அதிகம். பாலம் எல்லாக் காடிக்கும் ஒரே காசு கேட்கிறது.

அப்படியானால் அவள் வேலைக்குப் போய்வரும் ஓட்டத்தை மட்டும் தனியே எடுத்து எடை போட வேண்டும். 77 லிட்டர் எண்ணெய் 153 வெள்ளி, சுங்கம் 126, ஆகமொத்தம் 279. இதைக் கிலாங் பஸ் இத்தனை நாளும் இல்லாமல் செய்துவந்தது. பஸ்ஸை ஏன் விடுகிறாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றும்படி அவள் முகம் மாறியது.

பஸ் ஒவ்வொரு தாமானாக நுழைந்து ஆள் ஏற்றும். விடியாத நேரத்தில் அவள் கிளம்பும்போது பிள்ளைகள் தூக்கத்தில். திரும்பி வரும்போது சின்னவன் சாப்பிட்டு முடித்திருப்பான். காடி இருந்தால் போகவும் வரவும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் மிச்சமாகும். "காலையில அவனுக்குத் தலை வாரி விடலாம், மாமா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

நான் மறுபடி தாளை எடுத்தேன். ஒன்றரை மணி, 22 நாள், முப்பத்து மூன்று மணி நேரம். 279-ஐ 33-ஆல் வகுத்தால் மணிக்கு எட்டரை வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700, மணிக்கு 8.72. இந்த நாட்டில் ஒரு மணி நேர உழைப்புக்குச் சட்டம் வைத்திருக்கும் அடிமட்ட விலையும், ஒரு தாய் தன் பிள்ளையோடு ஒரு மணி நேரம் இருக்கக் கொடுக்க வேண்டியிருக்கும் விலையும் ஏறக்குறைய ஒன்றாக வந்து நிற்கின்றன. இதற்கு மேல் நான் எடைபோட்டுச் சொல்ல எதுவும் இல்லை. அது அவள் எடுக்க வேண்டிய முடிவு.

மெக்கானிக்கை நாங்கள் பொமென் என்போம். எனக்குத் தெரிந்த பொமென் ஒருவர் இருக்கிறார். நாற்பது ஆண்டாகக் கிரீஸ் படிந்த கை. அவரிடம் அவளை அழைத்துப் போனேன். எந்தக் காடி நல்லது என்று கேட்டதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. தன் பட்டறைக்கு எதிர்ப்புறம் நிறுத்தியிருந்த வரிசையைக் காட்டினார். மைவி, சாகா, பெஸ்ஸா, மைவி, அக்ஸியா, சாகா. "இதுல எது நின்னு போனாலும் பக்கத்துக் கடையில சாமான் இருக்கும், தம்பி. எது நல்ல காடின்னு எனக்குத் தெரியாது. எதுக்குச் சாமான் தேடி அலைய வேணாம்னு தெரியும்." ஊரில் நிறைய ஓடும் காடிக்கு பிரேக் கட்டையும் வடிகட்டியும் மலிவு, கழற்றத் தெரிந்த கைகளும் நிறைய. ஒரு பழுது ஒரு நாளில் முடியும். அபூர்வமான காடி என்றால் ஒரு வாரம் சாமானுக்குக் காத்திருக்க வேண்டும், அந்த ஒரு வாரம் வாடகைக் காடிக்குக் காசு. லிட்டர் கணக்கில் இந்தச் செலவு வருவதே இல்லை.

பழைய காடி பார்ப்பதானால் வெள்ளத்தைப் பற்றிக் கேள் என்றும் சொன்னார். 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியபோது எத்தனையோ காடிகள் இருக்கைவரை தண்ணீரில் நின்றன. அதற்குப் பிறகும் வெள்ளங்கள் வந்தன. அப்படி நின்ற காடி கழுவித் துடைத்து வாசனை தெளித்து விற்பனைக்கு வரும். இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கச் சொன்னார். தினமும் வெளியே தெரியும் பாதி சுத்தமாக இருக்கும். உள்ளே சுருண்டிருக்கும் பாதியில், யாரும் துடைக்க நினைக்காத இடத்தில், மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியது என்று அர்த்தம். அவர் தன் பட்டறையில் நின்ற ஒரு காடியின் பட்டையை இழுத்துக் காட்டினார். கோடு இருந்தது. காய்ந்த சேற்றின் நிறம். அவள் அதை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். காப்புறுதி எடுக்கும்போது வெள்ளத்துக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்காவிட்டால், முழுக் காப்புறுதி என்று பெயர் இருந்தாலும் வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. அதையும் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். இழப்பீடு கேட்காத ஓட்டுநருக்குக் கிடைக்கும் தள்ளுபடி முதல் ஆண்டு முடிவில் 25 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்து ஆண்டில் 55-க்கு ஏறும் என்பதையும். புதிதாகக் காடி வாங்கும் அவளுக்கு அது பூஜ்யத்தில் தொடங்குகிறது. சின்ன உரசலுக்கெல்லாம் இழப்பீடு கேட்காமல் கையிலிருந்து கொடுப்பது ஏன் லாபம் என்பது அங்கேதான் விளங்கும்.

மின்காடி பற்றியும் பேசினோம். சாலை வரி விலக்கு 2025-உடன் முடிந்து, 2026 முதல் சக்திக்கு ஏற்ற வரி வந்திருக்கிறது. ஆனாலும் சொந்த வாசலில் இரவெல்லாம் மின்சாரம் ஏற்ற முடிகிறவர்களுக்கு அது நல்ல கணக்கு. இவர்கள் இருப்பது அடுக்குமாடியின் மூன்றாவது தளம். ரயில் பற்றியும் பேசினோம். முத்தியாரா எல்ஆர்டி தடத்துக்கு 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. பாயான் லெப்பாஸ் பக்கத்திலிருந்து கொம்தார் வழியாகக் கடல் தாண்டி பட்டர்வொர்த் வரும். அது ஓடும் நாளில் இந்தத் தாளில் உள்ள பாதி எண்களை அடித்துவிடலாம். அந்த நாளை நான் ஆசையோடு பார்த்திருக்கிறேன். ஆனால் சின்னவனுக்கு இப்போதே ஐந்து வயது.

சனிக்கிழமை சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு பழைய காடிக் கடைகளுக்குப் போனோம். அவரைக் கூட்டிப் போக வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். வேலை ஓட்டத்தைக் கழித்துவிட்டால் வீட்டுக் காடி மாதம் 370 கிலோமீட்டர்தான் ஓடும். அந்த ஓட்டத்தில் லிட்டருக்குப் பத்துக்கும் பதினாறுக்கும் வித்தியாசம் மாதம் 28 வெள்ளிக்குமேல் போகாது. மாதம் இரண்டு தடவை மருத்துவமனைக்குப் போகும் முழங்கால் அதைவிடக் கனமானது.

சம்பந்தியம்மா எதுவும் பேசாமல் ஒவ்வொரு காடியிலும் ஏறி இறங்கினார். முதுகைக் காட்டி நின்று, கதவின் மேல்விளிம்பை ஒரு கையால் பிடித்து, முதலில் உட்கார்ந்து, பிறகு வலது காலைச் சேலையோடு சேர்த்து இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார். இடது கால் தானாக வந்தது. இறங்கும்போது இதுவே தலைகீழாக. ஒரு காடியில் கதவு போதுமான அகலம் திறக்கவில்லை. இன்னொன்றில் இருக்கை பள்ளமாக இருந்தது, எழ முடியாமல் மகனின் தோளைப் பிடித்தார். நான்காவதாகப் பார்த்த பெஸ்ஸாவில் ஏறியவர் இறங்கவில்லை. "இதுல இருக்கலாம்" என்றார். பின்னால் திரும்பிப் பார்த்து, "அரிசி மூட்டை வைக்க இடம் இருக்கா?" என்று கேட்டார். 508 லிட்டர் சாமான் பெட்டி அந்தக் காடிக்கு. கடைக்காரர் திறந்து காட்டினார். அவள் குனிந்து இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தாள். கோடு இல்லை.

1.3 எஞ்சின், சில ஆண்டு ஓடியது, ஐந்து ஆண்டுத் தவணை. பொமென் அடியில் படுத்துப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

வேலைக்குப் போகும் விஷயத்தை அவளே முடித்தாள். நான் யோசித்திராத முடிவு. அதே தாமானில் அதே தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒரு மலாய்ப் பெண், ஒரு சீனப் பெண், ஈப்போவிலிருந்து வந்து குடியேறிய ஒரு தமிழ்ப் பெண். மூவருக்கும் பிள்ளைகள். நான்கு பேரும் ஒரே காடியில் போவது என்று பேசிக்கொண்டார்கள். 279-ஐ நான்காக வகுத்தால் எழுபது வெள்ளி.

போன திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் நான் அந்தப் பக்கம் நடந்து போனேன். காடி கிளம்பத் தயாராக நின்றது. சின்னவன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான், தலை வாரி, வகிடு நேராக எடுத்திருந்தது. முன்பெட்டி திறந்திருக்க, உள்ளே ஒரு புது 555 நோட்டு. அவள் அதை எடுத்து என்னிடம் நீட்டினாள். முதல் பக்கத்தில் பென்சிலால் நான்கு பத்திகள், மேலே நான்கு தலைப்பெழுத்துகள், மூன்று ஆங்கிலத்தில், ஒன்று தமிழில். தமிழ் எழுத்தின் கீழே மட்டும் ஒரு எண் இருந்தது: 5.74.